வலது காதுப் பக்கத்துத் துளைகள்

1

மூன்று கிழமைக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை, அண்ணனின் மகள் அபியின் வகுப்பறைக்குப் போனேன். பெற்றோர் ரீச்சரைச் சந்திக்கிற நாள். அண்ணிக்குப் பின்னேர ஷிப்ட். அதனால் சித்தப்பா என்ற முறையில் நான் போனேன். பிறம்ரனில் நான் வேலை செய்கிற வெயார்ஹவுசில் இரண்டு மணித்தியாலம் முந்தி விடச் சொல்லிக் கேட்டு, கூட வேலை செய்கிற ஒருவரின் காரில் பாதித் தூரமும் பஸ்ஸில் மீதித் தூரமும் வந்து சேர்ந்தேன்.

அபிக்கு ஒன்பது வயது. இங்கே பிறந்தவள். ரீச்சர் வயதான பெண், சிரித்த முகம். எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கதைத்தார். அபி கெட்டிக்காரி, ஆனால் இந்த வருஷம் சத்தமில்லாமல் இருக்கிறாள் என்றார். பிறகு எழும்பி என்னைச் சுவர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

சுவர் முழுக்கக் கடதாசிகள். பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியவை. ஒருவன் சைக்கிள் ஹெல்மெற் கீறியிருந்தான். ஒருத்தி ரோட்டுக் கடக்கிற விளக்கு. அபியின் கடதாசியில் படம் இல்லை. மேலே ஒரு பொன்னிற நட்சத்திரம் ஒட்டியிருந்தது. நான் இங்கிலிஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாசித்து முடிக்க நேரம் எடுத்தது.

"என் அப்பா கட்டட வேலை செய்தார். அவர் தன்னுடைய கருவியை மாற்றினார். அது விதிக்கு எதிரானது. அதனால் அவர் இறந்துபோனார். தயவுசெய்து எல்லாரும் விதிகளைக் கேட்டு நடவுங்கள்."

"ஷி இஸ் வெரி பிரேவ்" என்றார் ரீச்சர். நான் தாங்க் யூ என்றேன். நெஞ்சுக்குள் இருந்ததைச் சொல்ல என்னிடம் இங்கிலிஷ் இல்லை. தமிழிலும் அதை நான் ஒரு வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

அண்ணன் அந்தக் கருவியை மாற்றவில்லை. மாற்றியது நான்.

வாற மாதத்தோடு அண்ணன் செத்து ஒரு வருஷம், ஆட்டைத் திவசம். அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் அகதிகளை இருத்திவிட்டார்கள், பிறகு பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விட்டது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

2

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மிசிசாகாவில் புதிய ஒபிஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கொங்கிறீற் போட்டு முடிந்த பிறகு உள்ளே அறை பிரிப்பார்கள். அதற்கு முதலில் நிலத்திலும் முகட்டிலும் தகரச் சட்டம் அடிக்கவேண்டும். கொங்கிறீற்றுக்குள் சாதாரண ஆணி போகாது, வளைந்துவிடும். அதற்குத்தான் ஆணித் துவக்கு. பெயருக்கு மட்டும் துவக்கு இல்லை, உண்மையான துவக்கு. குண்டு இல்லாத தோட்டா ஒன்றைப் போட்டு, வாயில் ஆணியைச் செருகி, கொங்கிறீற்றில் வைத்து அழுத்திப் பிடித்து விசையை இழுக்கவேண்டும். வெடி வெடித்து ஆணி உள்ளே இறங்கும். தோட்டாவுக்கு நிறம் உண்டு. பச்சை மெலியது, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு பலமானது.

"துவக்குக்குப் பயந்து உலகத்தின்ர அடுத்த பக்கம் ஓடிவந்தனான். இஞ்ச வந்தா என்ர கையிலயே தூக்கித் தாறாங்கள்" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அதைப் பிடிக்க லைசன்ஸ் வேண்டும். அண்ணன் அதற்கு மூன்று கிழமை படித்தார். அண்ணி ஊரில் ஏ.எல். வரை படித்தவர். குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டே கேள்வி கேட்பார். தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு கேள்வி. துவக்கைத் தூக்கக் கூடாது, அழுத்திப் பிடித்தபடியே முப்பது செக்கன் நிற்கவேண்டும், ஏனென்றால் அது பிந்தியும் வெடிக்கலாம் என்பது பதில். இன்னொரு கேள்வி, கருவியில் நீங்களாக மாற்றம் செய்யலாமா என்று. ஒருபோதும் இல்லை. அண்ணன் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். அந்தச் சின்ன அட்டையை உறைக்குள் போட்டுச் சேர்ட் பொக்கற்றில் வைத்திருப்பார்.

வேலையிடத்தில் எப்போதாவது தோட்டா வெடிக்காமல் நிற்கும். அப்போது அண்ணன் குந்தியிருந்தபடியே துவக்கை நிலத்தில் அழுத்திக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணுவார். எங்கள் ஃபோர்மன் மனுவல் போர்த்துக்கல்காரர். அவரும் பகிடியாகச் சேர்ந்து எண்ணப் பழகி, கடைசியில் "முப்பது" என்று மட்டும் திருத்தமாகச் சொல்லுவார்.

எனக்கு லைசன்ஸ் இல்லை. சோதனைக் கேள்வியை வாசிக்கவே எனக்கு ஏலாது. அண்ணனுக்குத் துணையாக நான் சட்டத்தைப் பிடிப்பேன், ஆணியும் தோட்டாவும் எடுத்துக் கொடுப்பேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துவக்கைக் கழற்றிக் கரியைத் துடைப்பேன்.

அந்தத் துவக்கின் வாய்ப்பக்கத்தில் கைமுட்டி அளவில் ஒரு சைலன்சர் இருந்தது. மோட்டார்சைக்கிளில் இருக்கிறது போலத்தான். உள்ளே வட்டத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுற்றிவரத் துளைகள். வெடிக்கிறபோது வருகிற புகையும் காற்றும் தகடுகளில் முட்டி வேகம் குறைந்து, எல்லாத் துளைகளாலும் சமமாக வெளியே போகும். அதனால் சத்தம் குறையும். உதைப்பும் குறையும். இந்த இரண்டாவது எனக்கு அப்போது தெரியாது. சத்தத்துக்கு ஒரு சாமான், உதைப்புக்கு உள்ளே இருக்கிற சுருள்வில் என்று நினைத்திருந்தேன்.

3

அண்ணன் காதுமூடி போடமாட்டார்.

மனுவல் ஒவ்வொரு நாளும் பேசுவார். தன் தலையில் இருக்கிற காதுமூடியைத் தட்டிக் காட்டுவார். அண்ணன் ஓம் ஓம் என்று கழுத்தில் மாட்டிக்கொள்வார், காதில் வைக்கமாட்டார்.

"காதைப் பொத்தினா பின்னால ஆர் வாறாங்கள் எண்டு தெரியாதடா" என்றார் ஒருமுறை.

"இஞ்ச ஆர் அண்ணை வரப்போறாங்கள்?"

"ஒருத்தரும் வரமாட்டாங்கள். எனக்குத் தெரியும். ஆனா ஏலாமக் கிடக்கு."

ஊரில் ஆமியின் ஹெலி வந்தால் காதுதான் முதலில் சொல்லும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், சுட்டுக்கொண்டு வருகிறதா சும்மா சுத்துகிறதா என்று காதை வைத்துத்தான் ஓடுவோம். பங்கருக்குள் இறங்கின பிறகு அண்ணன் தன்னுடைய இரண்டு கையாலும் என்னுடைய காதுகளைப் பொத்திப் பிடிப்பார். நான் அப்போது ஆறேழு வயதுப் பிள்ளை. தன்னுடைய காதுகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கும் பதினைந்து பதினாறு வயதுதான். அவருடைய விரல்களுக்குள் எனக்குச் சத்தம் தூரத்தில் எங்கேயோ நடக்கிறது போல இருக்கும். அவருக்கு அது முழுதாகக் கேட்டிருக்கும்.

மிசிசாகாவில் ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய வலது கண் சுருங்கும். குனிந்து நிலத்தில் அடிக்கிறபோது துவக்கின் பக்கம் வருவது வலது காது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அபி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். "அப்பா, யூ நெவர் லிஸன்" என்று அவள் கோவிப்பாள். சைலன்சர் இருந்தும் இவ்வளவு சத்தமா என்று எனக்கு அந்த இரும்பின்மேலேயே கோவம் வந்தது.

நான் செய்தது இதுதான். குசினி லாச்சிக்குள் அண்ணி சூடான சட்டி பிடிக்கிற தடித்த கையுறை ஒன்று பழசாகிக் கிடந்தது. சூடு தாங்குகிற துணி. அதில் ஒரு கீலம் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் அண்ணன் மைக்ரோவேவில் சோற்றைச் சூடாக்கப் போன நேரம், சைலன்சரைக் கழற்றி, வலது பக்கத்துத் துளைகளுக்கு உள்ளால் அந்தத் துணியை மடித்து இறுக்கி, மெல்லிய கம்பியால் கட்டினேன். இடது பக்கத்துத் துளைகளைத் தொடவில்லை. காற்று போக வழி வேண்டும் என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அவ்வளவுக்குத்தான் இருந்தது.

அண்ணனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விதிக்கு மாறு என்று கழற்றியிருப்பார்.

பின்னேரம் முதல் வெடி அடித்துவிட்டு அண்ணன் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா, இண்டைக்கு இது மெல்லமாக் கதைக்குது?"

"நல்லாத் துடைச்சனான் அண்ணை."

"துடைச்சது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். வாழ்க்கையில் நான் அண்ணனுக்குச் செய்த ஒரே ஒரு உதவி என்று நினைத்தேன். வெளிநாடு வர எனக்கு ஏஜென்சி பிடித்தது அவர், இங்கே கூப்பிட்டது அவர், பேஸ்மென்றில் தன்னுடைய வீட்டிலேயே படுக்கை தந்தது அவர்.

4

ஒரு கிழமைக்குள் உதைப்பு மாறத் தொடங்கியது.

முதலில் அண்ணன் மணிக்கட்டைப் பிசைந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டார். "வயசு போகுது உங்களுக்கு" என்று அண்ணி பகிடி பண்ணினார். அண்ணனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுதான். நிலத்தில் அடிக்கிறபோது இரண்டு முழங்காலும் ஊன்றியிருப்பதால் சமாளிக்கலாம். அடித்து முடிகிறபோது துவக்கு அண்ணனின் கையை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போவதை நான் கண்டேன். கண்டும் அதையும் துணியையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

அந்தக் கடைசி நாள் காலை வேலைக்குப் போகிறபோது, காரில் அண்ணன் சொன்னார்.

"உந்தத் துவக்கு சரியில்லையடா. முந்தி நேர பின்னுக்குத்தான் உதைக்கும். இப்ப ஒரு பக்கமா வெட்டி இழுக்குது. இண்டைக்கு மனுவலிட்டக் குடுத்துத் திறந்து பாக்கச் சொல்லுவம்."

 மனுவல் திறந்தால் துணி வெளியே வரும். எல்லாருக்கும் முன்னால் அண்ணனுக்குப் பேச்சு விழும், லைசன்ஸையும் பறிப்பார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் நானே கழற்றி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"இண்டைக்கு அந்தப் பக்கத்து முகட்டை முடிச்சிட்டுக் குடுப்பம் அண்ணை. இப்ப குடுத்தா வேற துவக்கு வரும்வரைக்கும் சும்மா நிக்கோணும். மனுவல் முழுசுவான்."

அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"அதுவும் சரிதான்" என்றார்.

முகட்டுக் கொங்கிறீற் கடினம். சிவப்புத் தோட்டா. ஏணியில் நின்று இரண்டு கையாலும் துவக்கைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்தவேண்டும். பிடிக்க வேறு கை இல்லை, ஊன்ற முழங்கால் இல்லை. சாப்பாட்டு நேரம் இன்னும் வரவில்லை. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு ஆணி சரியாக அடித்தார். ஏழாவதுக்கு வேறு மாதிரியான ஒரு சத்தம் கேட்டது. வெடியோடு சேர்ந்து இரும்பு பிளக்கிற சத்தம். துவக்கு அவருடைய கைகளோடு வலது பக்கம் பாய்ந்தது. கைகளுக்குப் பின்னால் உடம்பு போனது. ஏணி என்னுடைய பிடியில்தான் இருந்தது, அசையவில்லை. அண்ணன்தான் அதில் இல்லை.

நிலத்தில் தகரச் சட்டங்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. அதன் விளிம்பில் விழுந்தார். ஹெல்மெற் தனியாக உருண்டுபோனது.

ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். என்னுடைய இரண்டு கையும் அவருடைய காதுகளில் இருந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷினில் இருந்தார். மூன்றாம் நாள் அண்ணியைக் கூப்பிட்டு, மெஷினை நிற்பாட்டக் கையெழுத்துக் கேட்டார்கள்.

5

அரசாங்க இன்ஸ்பெக்ரர் என்னைக் கூப்பிட்டது செத்தவீடு முடிந்த கிழமை. மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் துவக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்திருந்தார். சைலன்சர் நெடுக வெடித்திருந்தது. உள்தகடுகளில் இரண்டு உடைந்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தன. துணி கருகிக் கல்லுப் போல இறுகியிருந்தது.

மொழிபெயர்க்க ஒரு தமிழ் அங்கிள் வந்திருந்தார். கோட் போட்டிருந்தார்.

"தம்பி, இதை உள்ளுக்கு ஆர் வச்சதெண்டு தெரியுமோ எண்டு கேக்கிறார்."

"தெரியாது."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"தெரியாது அங்கிள்."

நிரந்தரமாக இங்கே இருக்கலாம் என்கிற லாண்டட் பேப்பர் எனக்கு அப்போது வந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்ரரின் சேர்ட்டில் ஒரு சின்னம் குத்தியிருந்தது. இமிகிரேஷன்காரரின் சேர்ட்டிலும் அதே மாதிரி ஒரு சின்னம் இருக்கும். ஒரு சொல்லில் என்னைப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். பேப்பர் நான்கு மாதத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

றிப்போர்ட் தபாலில் வந்தபோது அபிதான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணிக்கு இங்கிலிஷ் தெரியும், ஆனால் அரசாங்கக் கந்தோர் இங்கிலிஷ் வேறு. வேலையாளே கருவியில் மாற்றம் செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது என்று எழுதியிருந்தது.

"பட் வை? ஏன் அப்பா அப்பிடிச் செய்தவர்?" என்று கேட்டாள் அபி.

 அண்ணி கடிதத்தை வாங்கி மடித்து, மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்தார். அண்ணி அன்றைக்குப் பிறகு அண்ணனைப் பற்றிக் கதைப்பது குறைந்துவிட்டது. கோபமா கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் சட்டி கழுவிக்கொண்டு நின்றவர், தண்ணீரைப் பார்த்தபடி "ஒரு பிள்ளை இருக்கெண்டு யோசிக்கேல்லப் பாரும்" என்றார். நான் சட்டியைத் துடைத்தேன்.

செய்திருக்கலாம் என்று கடதாசியில் இருந்தது. எங்கள் வீட்டில் அது செய்தார் என்று ஆகிவிட்டது. கடையில், கோயிலில், சனம் "அந்த மனுசன் தானாத்தான் துவக்கைக் கழட்டி என்னவோ செய்தவராம்" என்று கதைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. இப்போது சுவரில் நட்சத்திரத்தோடு தொங்குகிறது.

6

ஏன் அப்படி உதைத்தது என்று எனக்கு விளங்கியது அந்தக் கட்டட வேலையை விட்டு நின்ற நாளில்தான்.

சாமான் ஒப்படைக்கப் போனேன். மனுவல் வாசலில் ரப்பர் குழாயால் கொங்கிறீற் தூசியைக் கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தண்ணீரை நிற்பாட்டவில்லை. நானும் அவரும் ஒரே மாதிரி உடைந்த இங்கிலிஷ்தான். அதனால் கையாலும் கதைப்போம். குழாயை நேராகப் பிடித்துக் காட்டினார். தண்ணீர் நேராகப் போனது, குழாய் அவர் கையில் அசையாமல் இருந்தது. பிறகு பெருவிரலால் குழாய் வாயில் வலது பாதியை மூடினார். தண்ணீர் இடது பக்கம் சீறியது. குழாய் வலது பக்கம் துள்ளியது. பிடித்த கையையும் இழுத்துக்கொண்டு துள்ளியது.

"துளை எல்லாம் திறந்தா, எல்லாப் பக்கமும் தள்ளும். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுக்கொள்ளும். ஒரு பக்கம் மூடினா பிடிக்க ஆள் இல்லை" என்றார். "தகடு உடைஞ்சா இன்னும் மோசம். முழுப் பலமும் ஒரே இடத்தால."

பெருவிரலை எடுத்தார். குழாய் அமைதியானது.

"வெள்ளிக்கிழமை நான் அந்தத் துவக்கைத் திறந்து பாத்தனான், ரவி. நல்லா இருந்தது" என்றார். அவர் சொன்னது நான் துணி வைத்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமை.  என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பூட்டினார்.

அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நின்றபோது என் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணன் பொத்தினது என்னுடைய இரண்டு காதையும். நான் பொத்தினது ஒரு பக்கத்தை.

7

வகுப்பறைக்குப் போய்விட்டு வந்த அடுத்தநாள் அண்ணிக்கு லீவு. மேசையில் திவசச் சாமான் எழுதிக்கொண்டிருந்தார். ஐயர் சொன்ன திதி, தேங்காய், வாழையிலை, அண்ணனுக்குப் பிடித்த பாகற்காய். நான் முன்னால் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொடக்கத்திலிருந்து, கார் கதை வரைக்கும். அண்ணி பேனையை வைக்கவில்லை. கையுறையில் வெட்டினேன் என்று சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

"அதை நான் தேடினனான்" என்றார். "வெட்டுப்பட்டுக் கிடந்துது. அபிதான் பள்ளிக்கூட வேலைக்கு வெட்டிப்போட்டாள் எண்டு அவளைப் பேசினனான். அடியும் போட்டனான்."

நான் தலையைக் குனிந்தேன்.

"அவள் நான் இல்லை நான் இல்லை எண்டு அழுதவள்."

அண்ணி பேனையை மூடி வைத்தார். 

"அவர் குடுத்துத் திறந்து பாக்கச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணி. நான்தான் பிறகு எண்டனான்."

அண்ணி எழும்பி அறைக்குள் போனார். அழுகிற சத்தம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"ஒரு வருஷமா நான் அந்த மனுசனைக் கோவிச்சுக்கொண்டு படுத்தெழும்பிறன், ரவி. செத்துப்போன மனுசனை."

நான் வேறு வீடு பார்த்துப் போகிறேன் என்றேன்.

"அது பிறகு பாப்பம். முதல் உந்த றிப்போர்ட்டை மாத்தோணும். அபிக்கு நீர்தான் சொல்லோணும். நான் சொல்லமாட்டன்."

கந்தோருக்கு அண்ணி ரெலிபோன் எடுத்தார். ஃபைல் மூடியாகிவிட்டது என்றார்கள். பிறகு வேறொருவர் வந்து, புதிதாக ஏதும் சொல்ல இருந்தால் படிவம் நிரப்பி அனுப்பலாம், எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். படிவம் அடுத்த கிழமை தபாலில் வந்தது, எட்டுப் பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் மேசையில் இருந்தோம். வழக்கம்போல அபி கேள்வியை வாசித்துத் தமிழில் சொல்ல, அண்ணி எழுதினார். வேலையாளின் பெயர். லைசன்ஸ் இருந்ததா. எத்தனை மணிக்கு. அபி கந்தோர்க்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தாள்.  அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் அவள் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அந்த டூலை ஆர் மாத்தினது எண்டு கேக்கினம், அம்மா. அப்பான்ர நேம் எழுதுறதா?"

அண்ணி படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பேனையை அதன்மேல் வைத்தார்.

"உம்மட பேரை நீரே எழுதும்."

எழுதினேன். இங்கிலிஷில் நான் தடுமாறாமல் எழுதுகிற ஒரே சொல் அதுதான். அகதிப் பேப்பர்களில் எழுதி எழுதிப் பழகியது. அபி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். கடைசி எழுத்து முடிந்தபோது அவள் பார்வை கடதாசியில் இருந்து எழும்பவில்லை.

"அப்பான்ர காதுக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு நான் உள்ளுக்குத் துணி வச்சனான். அதாலதான் அப்பிடி உதைச்சது. ஆரிட்டயும் சொல்லேல்ல" என்றேன்.

 நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். அண்ணன் எண்ணுவது போல, தமிழில். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தாறில் அபி கேட்டாள்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது பிள்ளை. துவக்கு சரியில்லை, குடுத்துத் திறந்து பாக்கச் சொல்லுவம் எண்டு அப்பா சொன்னவர். நான்தான் பிறகு குடுப்பம் எண்டு நிப்பாட்டினனான்."

"சோ ஹி ஃபொலோட் த ரூல்ஸ்."

"ஓம்."

கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழும்பித் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். மீதி மூன்று பக்கத்தையும் அண்ணி அகராதியைப் பார்த்துப் பார்த்துத் தானே நிரப்பினார்.

செவ்வாய்க்கிழமை அபி அந்தக் கடதாசியை ரீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கருவியை மாற்றினார், அது விதிக்கு எதிரானது என்ற இரண்டு வரியையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தாள். நட்சத்திரத்தை விட்டிருந்தாள். அதை அண்ணனின் படத்துக்குக் கீழே, லைசன்ஸ் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். 

கந்தோரிலிருந்து இன்னும் பதில் இல்லை. அண்ணி எனக்குச் சோறு போடுகிறார், வேண்டியதற்கு மேல் கதைப்பதில்லை. வேறு வீடு பற்றி இருவரும் பேச்சு எடுக்கவில்லை. காலையில் நான்தான் அபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். ரோட்டுக் கடக்கிற இடத்தில் முன்பெல்லாம் அவளாகவே கையைத் தருவாள். இப்போது தருவதில்லை. நானும் கேட்பதில்லை. விளக்கு மாறும்வரை அவளுக்கு வலது பக்கத்தில், சந்தியில் கார் திரும்பி வருகிற பக்கமாக நின்றுகொண்டு, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.